அழுந்தாத கிழங்கு

அழுத்தினால் அழுந்துகிறது. உருளைக்கிழங்கு அழுந்தக் கூடாது. தக்காளி அழுந்தலாம், மாம்பழம் அழுந்தினால் நல்லது, கொய்யா கொஞ்சம் அழுந்தினால் போதும், உருளைக்கிழங்கு மட்டும் கல் மாதிரி இருக்க வேண்டும் என்று சௌந்தரம் சொல்லியிருக்கிறாள், போனில்தான், பதினொரு மாதத்துக்கு முன்னால், மெல்போர்னில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், இனி நானேதான் சமைத்துக்கொள்ளப் போகிறேன் என்று தெரிந்ததும். அதற்கு முன்னால் முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அதைச் சொல்ல அவளுக்கு அவசியம் வரவில்லை, கேட்க எனக்கும் அவசியம் வரவில்லை. இந்தக் கிழங்கில் என் கட்டைவிரல் பள்ளமாக இறங்குகிறது, விரலை எடுத்தால் பள்ளம் அப்படியே நிற்கிறது, கால் வீங்கின ஆளின் கணுக்காலில் டாக்டர் அழுத்திப் பார்ப்பாரே அந்த மாதிரி. வைத்துவிட்டு இன்னொன்று. இதில் ஒரு பக்கம் பச்சை. பச்சை ஆகாது, வயிற்றைப் புரட்டும். இன்னொன்றில் எல்லாக் கண்ணிலும் முளை. இன்னொன்று பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, வழவழவென்று, கழுவித் துடைத்த மாதிரி, ஆனால் அதைத்தான் நம்பவே கூடாது. போன செவ்வாய்க்கிழமை அப்படி ஒன்றை வாங்கிப் போய் வெட்டினேன், நடுவில் சுண்டுவிரல் நுழைகிற பொந்து, பொந்தைச் சுற்றி மை கொட்டின மாதிரி கருப்பு. வெளியே ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்ததை வெட்டினேன், அதிலும். மூன்றாவதை வெட்டத் தைரியம் வராமல் கத்தியும் கையுமாகக் கொஞ்ச நேரம் நின்றேன். இப்போது இந்தக் கடையின் சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. பத்தே முக்காலுக்குச் சௌந்தரம் கூப்பிடுவாள். அங்கே அப்போது மூணேகால், பேரனைக் கூட்டிவரப் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பாள், மணி அடிக்கிறவரைக்கும் பதினைந்து நிமிஷம், அது எனக்கு. தினமும் அது எனக்கு. நேற்று மணி அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால்தான் சொன்னாள், மகள் ஹேமா விசாவை நீட்டிக்க எழுதிப் போடலாம் என்கிறாளாம், இன்னும் ஒரு வருஷத்துக்கு, நாளைக்குள் சொல்லம்மா என்கிறாளாம். நீங்களும் யோசிச்சு வைங்க என்றாள். அப்புறம் மணி அடித்துவிட்டது. யோசித்து வைக்கிறதாம். யோசித்ததை எந்தப் பாத்திரத்தில் போட்டு மூடி வைப்பது. காலையிலிருந்து யோசிக்கிறேன், அடியில் பிடிக்கிற வாசனைதான் வருகிறது.

ரொம்ப அழுத்தாதீங்க சார், என்கிறாள் எடை போடுகிற பெண். சட்டையில் குத்தின அட்டையில் ஸ்டெல்லா என்று இருக்கிறது. முப்பத்தைந்து இருக்கும். அதட்டலாகச் சொல்லவில்லை, நாளெல்லாம் சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லில் இருந்த கோபம் தேய்ந்துபோயிருக்கிறது. நான் அழுத்தாமல் எப்படிப் பார்ப்பது. முகர்ந்தா பார்ப்பது. முகர்ந்தும் பார்த்தேன் ஒருநாள், ஈரச் சாக்கு வாசனை. எனக்கு அது தெரிந்த வாசனைதான். முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா, ஜோலார்பேட்டை, ஈரோடு, கரூர், கடைசியில் இந்தத் திருச்சி. பிளாட்பாரத்தின் கடைசியில் தார்ப்பாய்க்கு அடியில் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கியிருக்கும், வடக்கேயிருந்து வருவது, மழை பெய்தால் இதே வாசனை எழும்பும். ஒரு மூட்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்ததில்லை. எண்ணுவேன், சீட்டு ஒட்டுவேன், அனுப்புவேன். உள்ளே இருப்பது கல்லா கிழங்கா என்பது என் வேலை இல்லை. போன வாரம் அந்த வெட்டின கிழங்கு இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு இங்கே திரும்பி வந்தேன். மேனேஜர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல், வேற எடுத்துக்கங்க சார் என்றார். எனக்கு வேறு வேண்டாம், நல்லது வேண்டும் என்றேன். எல்லாம் ஒரே லாட்தான் சார் என்றார். அப்படியென்றால் எதற்கு வேறு எடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. சோப்பு வரிசையில் நின்ற ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். கையில் நறுக்கின கிழங்கு, கருப்பு வழிகிறது, அறுபத்தைந்து வயசு ஆள் நடுக்கடையில் நின்று கத்துகிறேன், எதற்காகக் கத்துகிறேன் என்று எனக்கே புரியவில்லை. ஸ்டெல்லாதான் வந்து அந்தப் பையை வாங்கிக்கொண்டாள். ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொன்னாள், மாசக்கணக்காகக் குளிர்க் கிடங்கில் வைத்த கிழங்கு சார், குளிரில் கிடந்தால் கிழங்கு இனித்துப்போகும், எண்ணெயில் போட்டால் வேகிறதுக்குள் கருகும். அப்புறம் என்னைச் சமாதானப்படுத்துகிறதாக நினைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். "சமைக்கறவங்க மேல தப்பில்ல சார்."

சமைக்கிறவங்க மேல தப்பில்ல. பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன், அந்த வார்த்தை கூடவே நடந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் ஜோலார்பேட்டை வந்து நின்றது. ஆவணியில் கல்யாணம், ஐப்பசியில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது, ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ். எண்பத்தாறு. கூட வேலை பார்த்த சேவியரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன், புதுப் பெண்டாட்டி சமையல் வந்து பாரும் என்று பெருமையாக. மழை. ஜன்னல் வழியாக என்ஜின் புகை வாசனை. அவள் உருளைக்கிழங்கு வறுத்திருந்தாள். தட்டில் விழுந்தது கருப்பாக இருந்தது, வாயில் போட்டேன், இனித்தது, மேலே கசந்தது. இனிப்பும் கசப்புமாக ஒரு கிழங்கு. தட்டைத் தள்ளினேன். மெல்ல இல்லை, தட்டு தரையில் இழுபட்டுப் போய்ச் சுவரில் இடித்தது. மாட்டுக்கு வைக்கிறதா இது என்றேன். சேவியர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம், இங்க கொஞ்சம் போடும்மா, எனக்கு இப்படிக் கருக வறுத்தாத்தான் பிடிக்கும், என்று தன் தட்டை நீட்டினார். அவள் போட்டாள். என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அழவில்லை. அழுதிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ. சமையற்கட்டுக் கதவு பாதி சாத்தியிருந்தது, அந்த இடுக்கில் பார்த்தேன், நான் தள்ளின கிழங்கை ஒன்று ஒன்றாக எடுத்து அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், வேலை செய்கிற மாதிரி, நிதானமாக. அதற்குப் பிறகு ஒரு கெட்ட கிழங்கு என் தட்டுக்கு வந்ததில்லை. பொன் நிறத்தில் வரும், ஓரம் மொறுமொறு என்று, உள்ளே மாவாக. எப்படி என்று ஒருநாளும் கேட்கவில்லை. சோறு வெள்ளையாக இருப்பதுபோல அதுவும் ஒரு இயற்கை என்று இருந்துவிட்டேன். இப்போது தெரிகிறது, இப்படித்தான் நின்றிருப்பாள், ஒவ்வொரு ஊரிலும் ஒரு சாக்கின் முன்னால் குனிந்து, அழுத்தி, திருப்பி, முளை பார்த்து, பச்சை பார்த்து, கடைக்காரன் முணுமுணுக்க முணுமுணுக்க. வாரத்துக்கு அரைமணி நேரம் என்றால் முப்பத்தெட்டு வருஷத்துக்குத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு மணி நேரம். போன வாரம் பேப்பர் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன், குமாஸ்தா புத்தி. நாற்பத்தொரு நாள், இரவும் பகலும். சபரிமலைக்கு மாலை போட்டவன் இருக்கிற விரதம் அவ்வளவுதான். அவள் யாருக்கு மாலை போட்டாள்.

இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஏழு நாளாகப் பார்க்கிறேன். அன்றைக்கு உன் தப்பு இல்லை, கிழங்கு அப்படி. இவ்வளவுதான். போனை எடுத்ததும் வேறு என்னவோ வந்துவிடுகிறது. சிலிண்டர் வந்துவிட்டது என்கிறேன். தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது என்கிறேன். எதிர் வீட்டில் நாய் வாங்கியிருக்கிறார்கள் என்கிறேன். அவளும் ம் கொட்டுகிறாள், சாப்டீங்களா என்கிறாள், மாத்திரை போட்டீங்களா என்கிறாள், பிறகு மணி அடிக்கிறது. வாயால் சொல்ல வராததைக் கையால் செய்துவிடலாம் என்று ஒரு எண்ணம். அவள் வறுக்கிற மாதிரி ஒருநாள், ஒரே ஒருநாள், வறுத்து, போட்டோ எடுத்து அனுப்பினால், அவளுக்குப் புரியும். பதினொரு மாதமாக வறுக்கிறேன். மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், சோம்பு, கடைசியில் கறிவேப்பிலை, எல்லாம் அவள் சொன்னபடி, தீயைக் குறைத்து, மூடாமல், சும்மா சும்மா கிண்டாமல். ஒன்று கருகுகிறது, அல்லது குழைந்து சட்டியோடு ஒட்டிக்கொள்கிறது, அல்லது வெந்தும் வேகாமல் நறுக் என்கிறது. எல்லாம் கிழங்கின் தப்பு. ஒரு நல்ல கிழங்கு கிடைத்தால் எனக்கு வரும். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். காந்தி மார்க்கெட் போகலாம்தான், போனேன் ஒருதரம், கூட்டத்தில் முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அங்கே வாங்கினதிலும் பாதி அழுகல், அள்ளிப் போட்டவன் என் முகத்தைப் பார்த்தே அள்ளினான். அவளாக இருந்தால் ஒரு அழுகலைக்கூட அவள் கண்ணுக்குத் தெரியாமல் போட்டிருக்க முடியாது. வறுபடும்போது சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுப்பாள், ஊதுவாள், நான் ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பேன், வந்து என் உள்ளங்கையில் வைப்பாள், உப்புப் பாருங்க. சுடும். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றி வாயில் போடுவேன். சரியா இருக்கு என்பேன், கண்ணைப் பேப்பரிலிருந்து எடுக்காமல். அந்த இடம், உள்ளங்கை நடுவில், இப்போதும் சில நேரம் சுடுகிற மாதிரி இருக்கிறது. நானே ஒரு துண்டை எடுத்து ஊதி என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன் ஒருநாள். சுட்டது. அவ்வளவுதான், சுட்டது.

இது கல் மாதிரி இருக்கிறது. பச்சை இல்லை. முளை இல்லை. அடியில் ஒரு வெட்டு, மண்வெட்டி பட்டது, அதில் சாம்பலாகப் பூசணம். வைத்துவிட்டேன். பத்து இருபத்தெட்டு. இந்தக் கடையில் பெரிய பெரிய விளக்கு, காயின் மேல் பனி மாதிரி ஏதோ தெளிக்கிறார்கள், கீரைக்கு மேலே பாட்டுகூட ஓடுகிறது, கிழங்கு மட்டும் மூலையில் நீல டப்பாவில், யாரோ வேண்டாம் என்று தள்ளிவிட்டதை இன்னொருவர் தள்ளிவிட்டு, அதை நான் தள்ளிவிட்டு. மெல்போர்னில் கிழங்கு எப்படி என்று சௌந்தரத்திடம் கேட்டேன் ஒருநாள். ஒவ்வொண்ணும் அரைக் கிலோ இருக்குங்க, மண்ணே ஒட்டாது, ருசி பரவாயில்லை என்றாள். பரவாயில்லை என்று அவள் சொல்வதில் எனக்கு ஒரு பயம். முன்னே எல்லாம் எதையும் நம்ம ஊர் மாதிரி இல்லை என்பாள். இப்போது பரவாயில்லை என்கிறாள். பள்ளிக்கூட வாசலில் ஒரு கிரேக்கப் பாட்டி அவளுக்குச் சிநேகிதமாம், அந்த அம்மா பேசுவது இவளுக்குப் புரியாது, இவள் பேசுவது அந்த அம்மாவுக்குப் புரியாது, இரண்டு பேரும் சிரிக்கிறார்களாம். நேற்று போனை எடுத்தபோது அவள் குரலில் அந்தச் சிரிப்பின் மிச்சம் இருந்தது. என்னிடம் வரும்போது அது மெல்ல அடங்கியது, கைக்குழந்தை தூங்குகிற அறைக்குள் வருகிறவள் செருப்பைக் கழற்றுகிற மாதிரி. நீச்சல் வேறு. அறுபது வயசில். நகராட்சிக் குளமாம், வெந்நீர் மாதிரி இருக்குமாம், ஹேமா போட்டோ அனுப்பினாள், தலையில் நீல ரப்பர்த் தொப்பி, கண்ணாடி இல்லாத முகம், வாயெல்லாம் பல். நான் அந்தப் போட்டோவைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன், இவளை எனக்குத் தெரியுமா என்று. மல்லாந்து மிதக்கக் கத்துக்கிட்டேங்க என்றாள். காது ரெண்டும் தண்ணிக்குள்ள போயிரும், ஒரு சத்தமும் கேக்காது, அவ்வளவு நல்லா இருக்கு என்றாள். எந்தச் சத்தம் கேட்காமல் இருப்பது அவ்வளவு நல்லா இருக்கிறது. குக்கர் சத்தமா. மிக்ஸி சத்தமா. ஹாலிலிருந்து இந்தா, காப்பி, என்று ஒரு சத்தம் வருமே, அதுவா.

என்னையும்தான் கூப்பிட்டார்கள். ஹேமா இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் போடுவேன் என்றாள், மாப்பிள்ளையே போனை வாங்கி, வாங்க மாமா, உங்களுக்குத் தனி ரூம் இருக்கு என்றார். நல்ல பிள்ளை. நான் என்ன சொன்னேன். மாப்பிள்ளை வீட்டில் போய் மாசக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு என்ன தலையெழுத்து என்றேன். வீட்டை யார் பார்ப்பது, மோட்டார் யார் போடுவது, அந்தக் குளிர் முழங்காலுக்கு ஆகுமா. இத்தனையும் சொன்னேன். உள்ளது ஒன்றுதான், அதைச் சொல்லவில்லை. நாட்டின் நாலு மூலைக்கும் மூட்டை அனுப்பினவன், நாக்பூரைத் தாண்டிப் போனதில்லை. விமானம் தலைக்கு மேலே போனாலே, அது தாண்டுகிறவரைக்கும் அண்ணாந்து பார்க்க மாட்டேன். காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் பதினாலு மணி நேரம். பயம் என்கிற வார்த்தை வாய்க்கு வரவில்லை, அதற்குப் பதிலாக மானம் என்கிற வார்த்தை வந்தது, அதைச் சொல்லிவிட்டேன், சொன்னதும் அதுவே நிஜம் மாதிரி ஆகிவிட்டது. அவள் ஒரு புதன்கிழமை தனியாகப் போய் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். மத்தியானம் மூணு மணிக்கு வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, முடிஞ்சது என்றாள். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தாள். கை ஆட்டுவாள் என்று நினைத்தேன். விரலால் எதையோ திருகிக் காட்டினாள். கேஸை மூடிட்டு வந்தீங்களா என்று கேட்கிறாள். நான் மூடியாச்சு என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் எங்கள் விடைபெறல். ஆறு மாதம் என்றுதான் போனாள், பேத்தி பிறந்து முகம் பார்க்கிறவரைக்கும். பேத்தி முகம் பார்த்தது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது, போன வாரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு வருஷம் என்றால் ஓடும். வா என்று சொல்லலாம். நான் சொன்னால் வந்துவிடுவாள். அதுதான் கஷ்டம். சொன்னால் வந்துவிடுவாள், வந்து இந்த நீல டப்பாவுக்கு முன்னால் நிற்பாள், அழுத்தி அழுத்திப் பார்ப்பாள், எனக்குப் பொன் நிறத்தில் வறுத்துப் போடுவாள், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள், எனக்கு ஒருபோதும் தெரியாது, அவள் காது தண்ணீருக்குள் போக ஏங்குகிறதா இல்லையா என்று.

போன் அடிக்கிறது. பத்து நாற்பத்திரண்டு. மூன்று நிமிஷம் முன்னாலேயே. கையில் இருந்த கிழங்கைக் கீழே வைக்காமலே எடுத்தேன். எங்க இருக்கீங்க, பாட்டெல்லாம் கேக்குது என்றாள். கடையில் என்றேன். அங்கே காற்று, போனில் புஸ் புஸ் என்று அடித்தது. இன்றைக்குக் குளிர் தாங்கவில்லை, ஹேமாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், பேத்திக்குச் சளி, இப்போது பரவாயில்லை, என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். ஹேமா கம்ப்யூட்டரில் எல்லாம் எழுதி முடித்துவிட்டாளாம். பட்டனை அமுக்க வேண்டியதுதான் பாக்கியாம். இருடி, அப்பாகிட்ட கேட்டுட்டு வரேன் என்று இவள் கிளம்பி வந்தாளாம்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

சிலிண்டர் வந்துவிட்டது என்று நாக்கு நுனிக்கு வந்தது. நேற்றே சொல்லியாகிவிட்டது அதை. ஸ்டெல்லா யாருக்கோ வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தாள். "கிழங்கு நல்லாவே இல்ல, சௌந்தரம்," என்றேன். அழுந்தினா எடுக்காதீங்க என்றாள். எல்லாமே அழுந்துது என்றேன், என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. போனில் காற்று மட்டும் அடித்தது. அந்த இடைவெளியில் சொல்லிவிட்டேன், எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியாது, ஜோலார்பேட்டை, சேவியர் வந்திருந்தது, தட்டு, சுவரில் இடித்தது, எல்லாம் தலைகால் இல்லாமல். குளிரில் வைத்த கிழங்கு இனிக்கும், கருகும், எனக்குப் போன வாரம்தான் தெரியும், உன் பேரில் தப்பு இல்லை என்று. சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது, மாடி ஏறினவன் மாதிரி.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"குளிர்ல வெச்ச கிழங்குன்னு. மறுநாள் கறிகாய்க்காரம்மா சொன்னாங்க. அதுலேர்ந்துதான் பாத்துப் பாத்து வாங்குவேன்."

"அப்பவே தெரியுமா? அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நாலு மணிக்குப் பால்காரன் வந்தானா என்று கேட்டால் வரலையே என்பாளே, அந்தக் குரல். நீங்க கேக்கலையே. முப்பத்தெட்டு வருஷமும் அதற்குள் மடித்து வைத்திருந்தது, இஸ்திரி போட்ட புடவை மாதிரி. கேட்டிருக்க வேண்டியது இன்னும் என்னென்ன. ஒன்றையாவது இப்போது கேட்டுவிடு, தில்லைநாயகம், மணி அடிக்கிறதுக்குள், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டேன். உனக்கு அங்கேயே இருக்கணும்னு இருக்கா என்று கேட்டேன். பக்கத்தில் யாரோ அவளைப் பார்த்து ஏதோ சொன்னார்கள், அவள் ம் ம் என்றாள், கொஞ்ச தூரம் நடந்து போகிற சத்தம், சருகு மிதிபடுகிற சத்தம்.

"தெரியலங்க," என்றாள். "இங்க விடியக்காலைல எந்திரிச்சா ஒரு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. காப்பியை வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருப்பேன். இத்தனை வயசுல இப்பத்தான் அப்படி உக்காந்திருக்கேன். அதை விட்டுட்டு வரணுமான்னு இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட உக்காந்தா நீங்க என்னத்தைத் தின்னுட்டுக் கிடக்கறீங்களோன்னு இருக்கு. சோறு இறங்க மாட்டேங்குது. ரெண்டும்தான் இருக்கு. நான் என்ன செய்ய, சொல்லுங்க."

அவள் இப்படி என்னிடம் நீளமாகப் பேசி எத்தனை காலம் ஆயிற்று. பேசியிருக்கிறாளா. எனக்குள்ளே எதுவோ அழுந்தியது, பள்ளம் அப்படியே நின்றது. வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "பட்டனை அமுக்கச் சொல்லு ஹேமாவை," என்றேன். ம் என்றாள் அவள், சின்னதாக, எதையோ மூடி வைக்கிற மாதிரி. அவளை அப்படி மூட விடாமல் அவசரமாகச் சொன்னேன்.

"நான் அங்க வரேன்."

"எங்க?"

"அங்கதான். எனக்குப் பயம் சௌந்தரம். ஏரோப்ளேன்னா பயம். மாப்பிள்ளை வீடு, மானம்னு சொன்னதெல்லாம் சும்மா. பயம்தான். வந்துட்டு, காலைல அந்த ஒரு மணி நேரம் உன்னைக் கூப்பிட மாட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், நிமிஷம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரும்பக் காதில் வைத்தேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, குளிராகவும் இருக்கலாம். அப்புறம் மணி அடித்தது, நீளமாக, அதற்குப் பின்னாலேயே பிள்ளைகளின் கூச்சல், ஆயிரம் செருப்புச் சத்தம். தினமும் இந்த இடத்தில்தான் வெக்கறேன் என்பாள், வைத்துவிடுவாள். நான் காத்திருந்தேன். வைக்கவில்லை. அந்தக் கூச்சலுக்கு மேலே குரலை உயர்த்திப் பேசினாள்.

"பாஸ்போர்ட் ஆபீசுக்கு வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போகாதீங்க. போட்டோ அவங்களே எடுப்பாங்க. பின்னாடி வெள்ளையா இருக்கும், தலை மட்டும் தனியாத் தெரியும். அந்த ஊதாக் கட்டம் போட்டதைப் போடுங்க."

சரி என்றேன். ஆதார் கார்டை மறக்காதீங்க என்றாள். சரி என்றேன். பேரன் ஓடி வந்து அவள் மேல் மோதியிருக்க வேண்டும், போன் எதிலோ உரசியது, இருடா இருடா, தாத்தாடா, தாத்தா வராராம்டா, என்று அவள் சொல்வது தூரத்தில் கேட்டது, பிறகு அறுந்தது.

கடையில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெங்காயம் வாங்கினவர் போய்விட்டார். ஸ்டெல்லா தராசைத் துடைத்துவிட்டு, குடுங்க சார், எடை போட்டுரலாம், என்று கையை நீட்டினாள். அப்போதுதான் பார்த்தேன், ஒற்றைக் கிழங்கை இவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டிருக்கிறேன், உள்ளங்கை வேர்த்து, தோல் ஈரமாகி. அது நல்லதா கெட்டதா என்று பார்க்கவில்லை. டப்பாவில் வைத்தேன். கிழங்கு வேண்டாம்மா இன்னிக்கு என்றேன். நாளைக்கே போய்விட வேண்டும், ஆறப்போட்டால் எனக்குத் திரும்ப மானம் வந்துவிடும். போவதற்கு அந்த அலுவலகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அவள் எந்த பஸ்ஸில் போனாள், எங்கே இறங்கினாள், அந்த வெயிலில் எவ்வளவு தூரம் நடந்தாள், யாரிடம் வழி கேட்டாள்.

"ஏம்மா ஸ்டெல்லா," என்றேன், "பாஸ்போர்ட் ஆபீசுக்கு எந்த பஸ்ஸுல போகணும்?"